தினமும் வாருங்கள், நாக் குழுவினரே!

அனுப்புநர்
முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி
(ஒன்றரை வயதுப் பையனின் அம்மா),
திருவொற்றியூர், சென்னை.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு (நாக்),
பெங்களூரு.

பொருள்: ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் தங்கள் குழு, இனி வேலை நாள்தோறும் வந்து போகக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வடசென்னையில் நான் படிக்கும் கல்லூரிக்குத் தங்கள் குழுவினர் வந்திருந்த இரண்டு நாளும் நான் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. நோட்ஸ் எடுத்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சந்தேகம்கூடக் கேட்டேன், பேராசிரியர் ஆடிப்போய்விட்டார். எல்லாம் அந்த இரண்டு நாளும் எங்கள் கல்லூரியில் குழந்தைகள் காப்பகம் ஒன்று நடந்ததால் வந்த பாக்கியம்.

அந்தக் காப்பக அறையின் பூர்வீகம் தங்களுக்குத் தெரிந்திருக்காது. உடற்கல்வித் துறையின் சாமான் அறை அது. காற்றுப் போன வாலிபால்களையும் கேரம் போர்டுகளையும் மாடிக்கு ஏற்றிவிட்டு, சுவரில் சோட்டா பீமை வரைந்து, யாரோ ஒரு மேடம் வீட்டுத் தொட்டிலைக் கொண்டுவந்து போட்டார்கள். வாசலில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்ப்பலகை. எல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு குறை கண்ணில் பட்டது. குழந்தை இல்லை.

உடனே வகுப்பு வகுப்பாக ஆள் வந்தது. "கல்யாணம் ஆன பொண்ணுங்க யாரும்மா? கைக்கொயந்த யாருகிட்ட இருக்கு?" போன மாதம் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்டர்னல் எழுத வந்தபோது, "இது காலேஜா பால்வாடியா?" என்று வாசலிலேயே நிறுத்திய அதே குரல். இந்த முறை அப்படிக் குழைந்தது.

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. தங்கள் கையேட்டின் ஏழாவது அளவுகோலில், பாலினச் சமத்துவத்துக்குக் கல்லூரி என்ன செய்திருக்கிறது என்று கேட்கும் இடத்தில், பாதுகாப்பு, ஆலோசனை, ஓய்வறை என்று வரிசையாக வந்து, குழந்தைகள் காப்பகமும் நின்றது. அதை எழுதிச் சேர்த்தவர் எந்த ஊரோ, அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். கதவு வருஷத்தில் எத்தனை நாள் திறந்திருந்தது என்று கேட்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஜியோ டேக் போட்ட போட்டோ கேட்டார். கொடுத்துவிட்டார்கள். அதில் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் தசம புள்ளிக்குப் பின்னால் ஆறு இடம் வரை சுத்தமாக இருக்கின்றன. இடமிருந்து இரண்டாவதாக, அடுத்தவன் பொம்மையைக் கடித்துக்கொண்டிருப்பவன் என் மகன்.

இரண்டாம் நாள் மாலை தங்கள் கார் மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் தொட்டில் மேடம் வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. மறுநாள் கேரம் போர்டுகள் இறங்கி வந்தன. பலகை மட்டும் இன்னும் இருக்கிறது, அடுத்த முறைக்கு.

பதினாலு வயதுக்குக் கீழ் இருப்பவனை இப்படி இரண்டு நாள் வேலை வாங்கலாமா என்று ஒரு தோழி கேட்டாள். நான் சட்டம் பார்த்தேன். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் நடிப்புத் தொழிலுக்கு விலக்கு கொடுக்கிறது. அவன் செய்தது நடிப்புதான். அந்த வகையில் கல்லூரி மேல் குற்றமில்லை.

தாங்கள் வராத நாட்களின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா மீன் விற்கிறாள். விடியுமுன்பே காசிமேடு ஏலத்துக்குப் போக வேண்டும். "கூடய காலி பண்ணி நான் வூடு வர்றதுக்குள்ள மணி ரெண்டாவுது, அப்புறம் இடுப்ப நிமித்தவே முடியல, இதுல ஓடுற கொயந்தய எங்கடி புடிக்கிறது?" என்கிறாள். நியாயம். மாமியாருக்குக் கம்பெனி கான்டீனில் வேலை. கணவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஓட்டுகிறார். எண்ணூர் நெடுஞ்சாலை வரிசையில் நின்றால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அங்கன்வாடி டீச்சரம்மா நல்லவர்தான், ஆனால் இரண்டு வயது முடியணும் என்கிறார். முடிந்தாலும் அங்கே சாயங்காலம் மூடும் நேரத்தில்தான் என் மதிய ஷிப்டுக்கு மூன்றாவது பீரியட் நடக்கும். மிச்சம் இருப்பது அடுத்த தெரு ப்ளே ஸ்கூல். மாதம் நாலாயிரம், நேரம் தாண்டினால் மணிக்கு ஐம்பது. என் கல்லூரிக்கு நான் ஒரு வருஷத்துக்குக் கட்டுவதைவிட அவன் ஒரு மாதத்துக்குக் கட்ட வேண்டியது அதிகம். எங்கள் வீட்டில் உயர்கல்வி பெறுவது யார் என்ற சந்தேகம் எனக்கு அடிக்கடி வரும்.

அரசு ஒன்றும் தரவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். பட்டம் வாங்கிவிட்டுக் கல்யாணம் செய்தால் ஐம்பதாயிரமும் தாலிக்கு எட்டு கிராம் தங்கமும் தந்த அரசு இது. 2022-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான அந்தத் திருமண உதவியையே படிப்பு உதவியாக மாற்றி, செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் என்று இதே வடசென்னையில், பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கினார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் ஆயிரம். நல்ல திட்டம், அதில் கேலி இல்லை. ஆனால் அது முதல் பட்டத்தோடு நின்றுவிடும், முதுகலைக்கு வராது. "வூட்லருந்தே அஞ்சல்ல படியேன்" என்பார்கள். அஞ்சல்வழிக்கும் அது கிடையாது. கிடைத்தாலும் இருபத்தாறு நாளுக்குப் பிரித்துப் பாருங்கள், நாளுக்கு 38 ரூபாய். அந்தக் காசுக்கு என் மகனைப் பார்த்துக்கொள்ள அவனே ஒப்புக்கொள்ள மாட்டான்.

பத்திரமாக விட்டுவிட்டுப் போக இடமே இல்லாத ஊர் அல்ல எங்கள் ஊர். திருவொற்றியூர், மணலி என்று பார்க்கும் இடமெல்லாம் கன்டெய்னர் யார்டுகள். உறைந்த இறால் ஏற்றிய ரீஃபர் பெட்டி வந்தால் அதற்கு கரன்ட் கனெக்‌ஷன் கொடுத்து, ராத்திரியும் பகலும் சூடு ஏறாமல் பார்த்து எழுதிவைக்க ஆள் உண்டு. "இவனையும் ரீஃபர்னு எழுதி உள்ள வுட்டுடலாமா?" என்று கணவர் ஒரு நாள் கேட்டார். மைனஸ் பதினெட்டு டிகிரி ஒத்துவராது என்பதால் விட்டுவிட்டோம்.

சட்டத்திலும் தேடினேன். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பக அறை வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, ஐம்பது ஊழியர் இருக்கும் எந்த நிறுவனத்திலும் காப்பகம், தாய் நாளுக்கு நான்கு தடவை போய்ப் பார்க்கலாம் என்றார்கள். பாடம் நடத்தும் மேடத்துக்கு அது பொருந்தும். பாடம் கேட்கும் எனக்குப் பொருந்தாது. மாணவி ஊழியர் அல்ல. ஒரே வகுப்பறையில் மேடைமேல் நிற்பவருக்கு இருப்பது குழந்தை, கீழே உட்கார்ந்திருப்பவளுக்கு இருப்பது சொந்தப் பிரச்சினை.

தங்கள் தாய்க் கழகமான பல்கலைக்கழக மானியக் குழுவும் (யுஜிசி) சும்மா இருக்கவில்லை. ஆராய்ச்சி செய்யும் பெண்களுக்கு 240 நாள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு கொடுத்தது. 2021 டிசம்பரில், மற்ற மாணவியருக்கும் மகப்பேறு விடுப்புக்கு விதி வகுத்துக்கொள்ளுங்கள் என்று பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதியது. அப்படியும் 59 நாள் விடுப்புக்காக எம்.எட். மாணவி ஒருவர் தில்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2023 மே மாதம் சாதகமான தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. விடுப்பு முடிந்த பிறகும் குழந்தை வீட்டிலேயேதான் இருக்கும் என்ற தகவல் இந்தக் கடிதப் போக்குவரத்தில் எங்கோ விழுந்துவிட்டது போலிருக்கிறது. இங்கிலாந்தில் முழுநேரம் படிக்கும் ஏழைப் பெற்றோருக்குக் காப்பகச் செலவில் 85 சதவீதம் வரை அரசு மானியம் தருகிறதாம். நமக்கும் சதவீதம் உண்டு. 75, வருகைப் பதிவு.

இந்த நிலையில் ஒரு செய்தி வயிற்றில் புளியைக் கரைக்கிறது. கல்லூரிகளை இனி நேரில் வந்து பார்க்காமல் இணையவழியே பார்க்கப் போகிறீர்களாமே? வேண்டாம் ஐயா. நேரில் வந்தால் அறையைத் திறக்க வேண்டும். கேமராவுக்குச் சுவர் போதும். சோட்டா பீம் ஏற்கெனவே சுவரில் இருக்கிறான். என் மகனுக்கு அந்த இரண்டு நாளும் போய்விடும்.

ஆகவே தாங்கள் தினமும் வர வேண்டுகிறேன். மதியம் ஒன்று முதல் ஆறு வரை இருந்தால் என் ஷிப்டுக்குச் சரியாக இருக்கும். டீ, போண்டா கல்லூரி பார்த்துக்கொள்ளும்; அதில் எங்கள் கல்லூரிக்கு நல்ல அனுபவம். ஐந்து பேரும் வர வேண்டியதில்லை. ஒருவர் கோட் போட்டுக்கொண்டு அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும், பூட்டு விழாது. செமஸ்டர் தேர்வு வாரத்தில் மட்டும் தயவுசெய்து லீவு போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் பக்கத்துக் காற்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். 2023 டிசம்பரில் நள்ளிரவில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோது பேப்பரில் படித்திருப்பீர்கள். கசிவு இல்லாத மாதத்திலும் பையனுக்கு வீசிங் வரும். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கழிந்த நாட்களால் என் வருகை 68 சதவீதத்தில் நிற்கிறது. வருகைக் குறைவுக்கு காண்டோனேஷன் கட்டணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட். தங்கள் மதிப்பெண்ணுக்காக என் மகன் நடித்த இரண்டு நாளுக்கு இதுவரை யாரும் கூலி பேசவில்லை. அதை இந்தக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி எங்கள் முதல்வருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். பணம் கட்டக் கடைசித் தேதி வருகிற வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்குள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இடமிருந்து இரண்டாவதாக இருப்பவனின் அம்மா