கடாரம் போன கிராணி

1987-இல் லங்காவி வரியில்லாத் தீவானது. சுற்றுப்பயணிகள் வரவேண்டும் என்று அரசாங்கம் செய்த ஏற்பாடு அது. அப்பா அதைத் தமக்கு வந்த தனி அழைப்பாக எடுத்துக்கொண்டார். அந்த வருஷக் கடைசியில் பிள்ளைகளைச் சிரம்பான் லோபாக்கில் ஆயாவிடம் தள்ளிவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வடக்கே படையெடுத்தார்.

இந்தப் படையெடுப்புக்கு ஆதாரங்கள் இரண்டு. ஒன்று, அப்பாவின் 555 நோட்டு. மளிகைக்கடைக் கடன் எழுதுவதற்கென்றே பிறந்த நோட்டு அது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் முத்துமுத்தான கையெழுத்தில் செலவு, நேரம், வானிலை எல்லாம் பதிந்திருக்கிறது. இன்னொன்று, அம்மாவின் வாய். இருவரும் உயிரோடு திரும்பினார்கள் என்பதைத் தவிர, இரண்டு ஆதாரங்களும் வேறெதிலும் ஒத்துப்போவதில்லை.

சிரம்பானில் ரயிலேறி, கோலாலம்பூரில் மாறி, விடியும்போது பட்டர்வொர்த். "சுகமான பயணம்" என்கிறது நோட்டு. "கக்கூஸுக்குப் பக்கத்து சீட்டு" என்கிறார் அம்மா.

1985-லேயே பினாங்குப் பாலம் திறந்தாகிவிட்டது. ஆனால் அப்பா பெர்ரி கட்சி. 1894-இல் குவா பெங் கீ என்ற வணிகர் தொடங்கிவைத்த சேவை. அந்நாளில் தீவுக்குப் போகும்போது காசு வாங்குவார்கள், திரும்பும்போது வாங்கமாட்டார்கள். பாலத்திலும் அதே வழக்கம்தான் என்று யாரோ சொன்னதை அப்பா நோட்டில் ஏற்றவில்லை.

எங்கள் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு தலைகீழாகத்தான் பழக்கம். தாத்தாவும் ஆயாவும் 1930-களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவர்கள். கங்காணி பிடித்து வந்த ஆட்களுக்கு வருவது இலவசம். திரும்பிப் போகத்தான் கடைசிவரை காசு சேரவில்லை. ஆசைப்பட்டுத் தண்ணீரில் ஏறிய முதல் தலைமுறை அப்பா அம்மாதான். பெர்ரியின் மேல்தட்டில் நின்று அப்பா தெற்கே கையை நீட்டினாராம். "அந்தப் பக்கந்தான் ஜெரெஜாக். எங்கப்பா வந்ததும் தங்குன மொத ஓட்டல்." நோய் பார்த்து ஆட்களைத் தடுத்துவைக்கும் முகாம் இருந்த தீவு அது. 1969-இல் அதைச் சிறையாக்கிவிட்டார்கள். விருந்தாளியைச் சீக்கிரம் விடுவது அந்தத் தீவுக்கு அப்போதெல்லாம் பழக்கமில்லை.

பினாங்கில் அப்பா சரித்திரப் பாடம் எடுத்தார். 1786-இல் பிரான்சிஸ் லைட், பாதுகாப்புத் தருவதாக நம்பவைத்துக் கெடா சுல்தானிடம் தீவை வாங்கினார். பாதுகாப்பும் வரவில்லை, தீவும் திரும்பவில்லை. லைட் பீரங்கியில் வெள்ளிக்காசைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டாராம். பொறுக்கும் ஆசையிலாவது ஆட்கள் காட்டை வெட்டட்டும் என்று யோசனை. "நம்ம தொரைங்களுக்கு இது தோணலையே" என்று அப்பா வருத்தப்பட்டார். "தோணியிருந்தா குண்டையும் சேத்துப் போட்டுச் சுட்டிருப்பானுங்க" என்றார் அம்மா.

1800-இல் எழுதிய ஒப்பந்தப்படி கெடாவுக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலர். அப்பா அம்மா போன காலத்திலும் அதே பத்தாயிரம்தான், மலேசிய வெள்ளியில். 2018-இல்தான் அது ஒரு கோடியாக ஏறியது. இருநூறு வருஷம் வாடகை ஏற்றாத வீட்டுக்காரரை லோபாக்கில் நாங்கள் பார்த்ததில்லை.

கெடா எல்லையைத் தாண்டியதும் அப்பாவின் நெஞ்சு நிமிர்ந்துகொண்டது. "இதாம்மா கடாரம். 1025-ல நம்ம ராஜேந்திர சோழன் பிடிச்சது." அந்த 'நம்ம'வில் கொஞ்சம் சிக்கல் உண்டு. சோழன் போர்க்கப்பலில் வந்தான். நாங்கள் ஒன்பது நூற்றாண்டு கழித்து, பால்மரம் வெட்ட, வேறொருவன் கப்பலில் வந்தோம். கடாரத்து அரசனையும் யானைகளையும் பிடித்தான், மணி பதித்த வாயிற்கதவுகளை அள்ளினான் என்று மெய்க்கீர்த்தி அடுக்குகிறது. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடுத்தவன் வீட்டுக் கதவக் கழட்டிட்டுப் போனதுக்குக் கல்வெட்டு வேறயா?" என்றார்.

கோலக் கெடாவில் லங்காவிப் பெர்ரி. "கடல் சற்றுக் கொந்தளிப்பு" என்று நோட்டு ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. அம்மா அந்த இடத்தை இன்றுவரை சுருக்கிச் சொன்னதில்லை. கடாரங்கொண்டான் பெருமை பேசிய வாய், கரை தெரியும்வரை பிளாஸ்டிக் பையை விட்டு வெளியே வரவில்லையாம்.

லங்காவியில் மசூரி சமாதி. கற்பில் பழிசுமத்திக் கொல்லப்பட்டவள், உடம்பிலிருந்து வெள்ளை ரத்தம் வடிய, ஏழு தலைமுறைக்குத் தீவைச் சபித்தாளாம். பழியைக் கிளப்பியது மாமியார்தான் என்று கதை. அந்த இடத்தை விட்டு அம்மா வெகுநேரம் நகரவில்லை. அப்பா மட்டும் அவசரமாக அடுத்த இடத்துக்குப் பஸ் விசாரித்தார். அடுத்த இடம் பாடாங் மாட்சிராட். 1821-இல் சயாம் படை வந்தபோது, எதிரிக்குக் கிடைக்கக்கூடாதென்று ஊர்க்காரர்களே நெல்லரிசியை எரித்துப் புதைத்த இடம். கருகிய அரிசியை அம்மா உற்றுப் பார்த்துச் சொன்னார்: "தண்ணி பத்தல."

பிறகு கடைத்தெரு. இங்கே இரண்டு ஆதாரங்களும் ஒரே குரலில் மௌனம். சாக்லேட், கம்பளி, மூடிபோட்ட பெரிய பைரக்ஸ் பாத்திரம் என்று வீட்டுக்கு வந்து சேர்ந்ததை வைத்துத்தான் நடந்ததை ஊகிக்க வேண்டும்.

லோபாக் வீட்டில் ஆயா கொள்ளைப்பொருளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"இதெல்லாம் சிரம்பான்ல கெடைக்காதா?"

"கெடைக்கும். வரி போட்டிருப்பான்ம்மா."

ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் பால் நிறுவையில் கிராணிமாரை ஏமாற்றவிடாத கை. நோட்டை வாசிக்கச் சொன்னார். ரயில் காசு, பெர்ரி காசு, ஓட்டல் காசு என்று அப்பா வாசிக்க வாசிக்க விரல்விட்டுக் கூட்டினார். கூட்டி முடித்ததும், வரி கட்டியிருந்தால் பாதிகூட ஆகியிருக்காது என்று தீர்ப்பு வந்தது. பைரக்ஸைத் தூக்கிப்போய்த் தம் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அபராதமாம்.