காலை ஐந்தரைத் தேவதாஸ்

காதல் முறிந்த பிறகு உடம்பைக் கவனிக்கத் தொடங்கும் இளைஞர், மதுரை மாட்டுத்தாவணிச் சுற்றுவட்டாரத்தில் எல்லாப் பருவத்திலும் தென்படும் வகையினர். வயது 23க்கும் 28க்கும் நடுவில். வீடு கே.கே. நகர், அண்ணா நகர், உத்தங்குடிப் பக்கம். காலை ஐந்தரைக்கு வண்டியூர்க் கண்மாய்ப் பக்கமோ ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ, பெட்டியிலிருந்து நேற்று எடுத்த ஷூவும் வீங்கிய கண்ணுமாக ஒருவர் எதிரே வந்தால் அவர் இவர்தான். ஷூ தேய்ந்திருந்தால் அவர் போலீஸ் தேர்வுக்கு ஓடுகிறவர். அவருக்குக் கண் வீங்குவது ரிசல்ட் வந்த பிறகு.

இவருக்கு நீண்ட பரம்பரை உண்டு. ஆனால் முன்னோர் யாருக்கும் ஆரோக்கிய நாட்டம் இருந்ததில்லை. சங்க காலத்துக் காதலன், பெண் கிடைக்காவிட்டால் பனை மடலில் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, அதன்மேல் ஏறி நடுத்தெருவுக்கு வரப்போவதாக மிரட்டினான். பனங்கருக்கு உடம்பைக் கிழிக்கும் என்று தெரிந்துதான் மிரட்டினான். திருக்குறளின் 114ஆம் அதிகாரத்தில் இந்த மடல் வருகிறது. பசலைக்கு 119, உறுப்புகள் அழகு குலைவதற்கு 124. அளவறிந்து சாப்பிடச் சொல்லும் ‘மருந்து’ அதிகாரமோ 95ஆவதாகப் பொருட்பாலில் கிடக்கிறது. காதலில் அடிபட்டவனை அந்தப் பக்கம் அனுப்பலாம் என்று வள்ளுவருக்கே தோன்றவில்லை. 1953இல் வந்த ‘தேவதாஸ்’ படத்தில் நாகேஸ்வர ராவ் குடித்தே செத்தார்; தாடியும் பாட்டிலும் அரை நூற்றாண்டுக்குச் சீருடை ஆயின. திருப்பம் 2008 நவம்பரில் வந்தது. ‘வாரணம் ஆயிரம்’ சூர்யா காதலியை இழந்து, போதையில் விழுந்து, எழுந்து, எடை தூக்கி, வயிற்றில் கட்டுக் கட்டாகச் சதையோடு ராணுவத்துக்குப் போனார். காதல் தோல்விக்கு இடைவேளைக்குப் பிறகும் கதை உண்டு என்று தமிழ்நாட்டு இளைஞர்கள் அன்றுதான் கண்டுகொண்டார்கள். திரையில் சில நிமிடங்களில் முடிந்த அந்த மாற்றத்துக்கு மாட்டுத்தாவணியில் மாதக்கணக்கில் ஆகிறது.

முறிவு பெரும்பாலும் பஸ்ஸில் தொடங்குகிறது. 1999இல் திறந்த எம்.ஜி.ஆர். பேருந்து நிலையமும் பக்கத்து ஆம்னி பஸ் நிலையமும் பார்த்த வழியனுப்பல்களுக்குக் கணக்கில்லை. பெண்ணுக்குச் சென்னையில் வேலை கிடைக்கிறது. இரவு பத்து மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வண்டி ரோட்டில் திரும்பி மறையும்வரை இவர் கையசைக்கிறார். மேலூர் வரை மெசேஜுக்கு உடனுக்குடன் பதில் வருகிறது. துவரங்குறிச்சியில் சிக்னல் இல்லை. விராலிமலையில் தூக்கம் வருகிறது. அந்தத் தூக்கம் ஆறு மாதம் நீண்டு, “வீட்ல மாப்ள பாத்துட்டாங்க, என்னைய மறந்துருங்க” என்பதில் விழிக்கிறது. வீட்டில் உண்மையிலேயே பார்த்தார்களா என்பது நண்பர் வட்டத்தில் பல இரவுகள் விசாரிக்கப்பட்டு, பொய் என்று ஒருமனதாகத் தீர்ப்பாகும்.

அடுத்தது சாப்பாட்டுக் கட்டம். காதலில் தோற்றவர் சோறு இறங்காமல் மெலிவார் என்பது மற்ற ஊர்களுக்குப் பொருந்தலாம். நள்ளிரவு தாண்டியும் கல் சூடாக இருக்கும் ஊரில் பட்டினி கிடக்க யார் விடுவார்கள்? “மாப்ள, மொதல்ல சாப்டு. பெறகு அழுவோம்” என்று நண்பர்கள் பரோட்டாக் கடைக்கு இழுத்துப் போகிறார்கள். ஒருவர் கொத்துபரோட்டாவால் ஆறுதல் சொல்வார். இன்னொருவருக்குக் கறி தோசையில்தான் நம்பிக்கை. எல்லாம் முடிந்ததும் வயிற்றைக் குளிர வைக்க ஜிகர்தண்டா. தூக்கம் கெட்டால் பசியைக் கிளப்பும் கிரெலின் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும் என்கிறது மருத்துவம். பரோட்டா மாஸ்டர் இதைப் படித்ததில்லை. ஆனால் இரவு ஒரு மணிக்கு வருகிறவர் இரண்டோடு நிறுத்தமாட்டார் என்று தெரிந்து நாலாகவே போடுகிறார். மூன்று மாதத்தில் சட்டையின் நடுப் பட்டன் போராடத் தொடங்கும். “பையன் இப்பத்தான் பாக்க லச்சணமா இருக்கான்” என்று அப்பத்தா மகிழ்வார்.

மீட்சிக்குத் தூண்டுகோல் ஒரு புகைப்படம். அந்தப் பெண் டிபியை மாற்றுகிறார். படத்தில் நன்றாக இருக்கிறார். இவர் போனை அணைத்துவிட்டு, இருட்டான திரையில் தன் முகத்தைப் பார்க்கிறார். மறுநாளே ஜிம்மில் ஆண்டுக் கட்டணம் கட்டப்படுகிறது. மாதாமாதம் கட்டலாமே என்று யாராவது சொன்னால் அவருக்கு இவருடைய வைராக்கியம் தெரியவில்லை என்று பொருள். முதல் நாள் ஆத்திரத்தில் மாஸ்டர் சொன்னதைவிட இரண்டு மடங்கு தூக்குகிறார். இரண்டாம் நாள் பல் விளக்கக் கை எழும்பாது. மூன்றாம் நாள் கழிவறையிலிருந்து எழுந்துவரச் சுவரின் ஒத்துழைப்பு தேவைப்படும். ஐந்தாம் நாள் ஜிம் ஸ்பீக்கரில் காதல் தோல்விப் பாட்டு ஒன்று வர, டம்பெல்லைக் கீழே வைத்துவிட்டு வெளியேறுகிறார். பழிவாங்கும் வேகத்தில் எடுத்த உடற்பயிற்சிக்கு ஆயுள் இவ்வளவுதான். ஜிம் உரிமையாளர்கள் இதை அறிந்தவர்கள். ஆண்டுக் கட்டணத்துக்குத் தள்ளுபடி தருவது அதனால்தான்.

ஜிம்மை விட்டபின் மிஞ்சுவது நடை. மாட்டுத்தாவணியில் அதற்கு ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு. விடியும் முன்பே பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டைகள் இறங்கத் தொடங்கிவிடும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணத்துக்கு எல்லை குறிக்க யாராலும் முடியவில்லை. ஈதன் கிராஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், காதல் முறிந்த 40 பேருக்குப் பழைய துணையின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். கையில் சூடு வைத்தால் எந்தப் பகுதிகள் விழிக்குமோ அவையே படத்தைப் பார்த்தபோதும் விழித்தன. அந்த 40 பேரும் மதுரைக்காரர்களாக இருந்திருந்தால் படம் தேவைப்பட்டிருக்காது. இரண்டு முழம் பூ போதும். பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து மல்லி கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும் நாட்களில் மட்டும் இவர் அந்த வழியே சற்று நிமிர்ந்து நடக்கிறார். இந்த வருஷம் அந்தச் செலவு இல்லை.

பெண்களிலும் இந்த வகை உண்டு. அவர்களுக்கு வாய்ப்பது மொட்டை மாடி. கொடிக் கயிற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே எட்டு போட்டு நடப்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால், “கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் எளைக்கணும்ல” என்று அம்மாவே பதில் சொல்லிவிடுவார். தாடி வளர்த்து ஊரறியத் துக்கம் காக்கும் சலுகை ஆண்களுக்கே தரப்பட்டிருப்பதால், மொட்டை மாடியைப் பற்றி எழுதினால் அதில் சிரிப்புக் குறைவாகத்தான் இருக்கும்.

இவருடைய வாழ்க்கையில் நிலையான மாற்றம் நிகழும் இடம் நடைபாதையோரத்துச் சிமென்ட் பெஞ்சு. அங்கே ஓய்வுபெற்ற தாசில்தார், மின்வாரியத்துக்காரர், தலைமையாசிரியர் எனச் சர்க்கரைக்காரர் குழு ஒன்று நிரந்தரமாக அமர்ந்திருக்கும். வியாதி இல்லாமல் ஒருவர் வெள்ளன எழுந்து நடப்பார் என்பதை அவர்களால் நம்ப முடியாது.

“என்ன தம்பி, சுகரா?”

காதல் தோல்வி என்று சொல்வதைவிடச் சர்க்கரை என்று சொல்வது சுலபம்.

“ஆமா சார்.”

“இந்த வயசுலயேவா! சாப்பாட்டுக்கு முந்தி எத்தன?”

ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவைக்கிறார். அன்றிலிருந்து அவர் குழுவின் பிள்ளை. தாசில்தார் வெந்தயத்தை இரவே ஊறப்போடச் சொல்கிறார். தலைமையாசிரியர் நாவல் கொட்டைப் பொடி தவிர வேறெதையும் ஒப்பமாட்டார். மறுநாள் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தும் கொடுக்கிறார். டீக்கடையில் இவர் வாயைத் திறக்கும் முன், “தம்பிக்குச் சீனி இல்லாம” என்று குரல் போய்விடும். பஜ்ஜித் தட்டு இவரைத் தாண்டிப் போகிறது. பரோட்டாவை விட்டுக் கேப்பைக் கூழுக்கு வந்தது இவருடைய வைராக்கியத்தால் அல்ல. மின்வாரியத்துக்காரரின் வீடு பரோட்டாக் கடைக்கு நேர் எதிரே. ஒருநாள் வராவிட்டால் ஆறு மணிக்கெல்லாம் போன்: “என்ன தம்பி, லோ சுகரா? கடலை முட்டாய் பையில வச்சிருக்கியளா?” ஐந்து மணிக்கு எழ ஒன்பதரைக்குப் படுக்க வேண்டியிருக்கிறது. ஒன்பதரைக்குப் படுத்தவர் பத்து மணிக்கு யாருடைய டிபியையும் பார்ப்பதில்லை.

எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்பது 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் எழுதிய நூலிலிருந்து திரிந்து பரவிய நம்பிக்கை. லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரை ஆராய்ந்தபோது நடு அளவாக 66 நாள் ஆனது. ஆளுக்கேற்ப 18இலிருந்து 254 வரை போனது. அந்த ஆய்வில் தாசில்தார்கள் இல்லை. இருந்திருந்தால் எண்ணிக்கை குறைந்திருக்கும்.

நான்காம் மாதம் சிக்கல் வருகிறது. குழு மொத்தமாக ரத்தப் பரிசோதனைக்குப் புறப்படுகிறது; தம்பியை விட்டுவிட்டா போவார்கள்? மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 5.7க்குக் கீழே இருந்தால் சர்க்கரை இல்லை. இவருக்கு 5.1. பொய் வெளுத்துவிட்டது என்று இவர் தலை குனிகிறார். குழு எழுந்து நின்று கைதட்டுகிறது. நாலே மாதத்தில் சர்க்கரையை விரட்டிய ஆள் என்று அடுத்த பெஞ்சு வரை செய்தி போகிறது. வெந்தயம் என்கிறார் தாசில்தார். நாவல் கொட்டை என்கிறார் தலைமையாசிரியர். 2004இலிருந்து உயர்நீதிமன்றக் கிளை மேலூர் சாலையில் பக்கத்திலேயே இருந்தும், இந்த வழக்கு பெஞ்சைத் தாண்டவில்லை.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு இவரையே சாட்சியாகக் காட்டுவதால், சீனி போட்ட டீ வேண்டுமென்றால் இவர் இப்போது தெரிந்த முகம் இல்லாத ஒத்தக்கடைக்கு, யானைமலை அடிவாரம் வரை நடந்து போக வேண்டியிருக்கிறது. போகவர நல்ல தூரம். அதுவும் அன்றைய நடைக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது.