மூன்று வருட சீனியர்

மியூனிக்கில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் எந்தப் பிறந்தநாள் விழாவிலும் அவர் இருப்பார். கேக் வெட்டும் இடத்தில் தேடாதீர்கள். செருப்பு கழற்றும் இடத்தில், ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கிய இளைஞன் ஒருவனைச் சுவரோரமாக மடக்கி நிறுத்தியிருப்பார். நம்மைவிட மூன்று வருடம் முன்னால் ஜெர்மனிக்கு வந்தவர், அவ்வளவுதான். அந்த மூன்றை முப்பதாக நடத்திக் காட்டுவார்.

"கிட்டாவுக்குப் பதிஞ்சாச்சா?"

கிட்டா என்பது இங்கே பால்வாடி. "இல்லண்ணா, குழந்தையே ஜனவரியிலதான் பொறக்கப்போகுது" என்று அவன் இழுத்தால், துக்க வீட்டுக்குப் போனவர்போலத் தோளில் கை வைப்பார். "லேட், தம்பி."

மிகை இல்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே விண்ணப்பம் போடுகிறவர்கள் இருக்கும் ஊர் இது. இடம் கிடைத்தாலும், வாசலில் விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓட முடியாது. பெர்லின் முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். முதல் மூன்று நாள் பெற்றோரைப் பிரிக்கவே மாட்டார்கள். அப்பாவோ அம்மாவோ ஒரு மூலையில், முழங்கால் மோவாயில் இடிக்கும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான்காம் நாள்தான் சில நிமிடம் வெளியே போய்ப் பார்க்கும் ஒத்திகை. சீனியரின் மகன் கையை ஆட்டிவிட்டுக் கட்டை அடுக்கப் போய்விட்டான். வராந்தாவில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றது யார் என்பது அவர் மனைவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அவருக்கு எல்லாமே எண்கள். பிள்ளைக்கு அரசு தந்த தொகை 2025இல் மாதம் 255 யூரோ. எட்டு வயதுவரை நடைபாதையில்தான் சைக்கிள். சிவப்பு விளக்கில் நடந்து கடந்தால் 5 யூரோ அபராதம். ஆனால் குழந்தை பார்க்கும்போது கடந்தால், பக்கத்தில் நிற்கும் ஜெர்மன் பாட்டி ஒரு பார்வை பார்ப்பாளே, அதற்கு ரேட் கிடையாது.

ஊரிலிருந்து ஆள் இறக்குமதி செய்வதில்தான் மனிதர் மேதை. ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம். எக்செல்லில் அட்டவணை வைத்திருக்கிறார்: அம்மா பச்சை, மாமியார் ஆரஞ்சு. "ரெண்டு பேரையும் சேத்து வரவழைக்காதீங்க தம்பி. ஒருத்தர் ஏறுற அன்னைக்கு இன்னொருத்தர் இறங்கணும்." பிள்ளைக்கு வருஷம் பூராவும் பாட்டி கிடைக்குமாம். வீட்டில் சமையலறை ஒன்றுதான் என்பதை அவர் சொல்ல மாட்டார்.

வந்திறங்கும் பாட்டிக்கு முதல் வாரம் பயிற்சி வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது என்பது இங்கே சட்டம், அதனால் குக்கர் விசில்மேல் துண்டு போட வேண்டும். (சட்டத்தில் குக்கரைப் பற்றி ஒன்றுமில்லை, அது இவராகச் சேர்த்த திருத்தம்.) தூறலில் பிள்ளைகளுக்கு ரப்பர் கால்சட்டை மாட்டிச் சேற்றில் இறக்கிவிடுவார்கள், பதறக் கூடாது. ஜுரம் என்று டாக்டரிடம் போனால், மூலிகைத் தேநீர் கொடுங்கள், ஓய்வெடுக்கட்டும் என்பார். மாமியாருக்கு அது மட்டும் பொறுக்கவில்லை. "இதைச் சொல்றதுக்குத்தானே மாப்ள நான் ப்ளேன் ஏறி வந்திருக்கேன்?"

இவ்வளவு சட்டமும் பேசுகிறவர் வீட்டில் சட்டத்தை அமல்படுத்துவது அவரல்ல, ஆறு வயது மகன். பழுப்பு பாட்டில், பச்சை பாட்டில் எந்தத் தொட்டியில் விழ வேண்டும் என்பதிலிருந்து, பிறந்தநாள் வாழ்த்தை முந்தின நாளே சொன்னால் ஆகாது என்பதுவரை அவனுக்கு அத்துப்படி.

2025இல் மகாளய அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைத்தது. கொலுப்படி கட்ட வேறு நாள் இல்லை. ஊரே அக்டோபர்ஃபெஸ்ட் கூடாரங்களில் பெஞ்சுமேல் ஏறிப் பாடிக்கொண்டிருந்த வாரம். நாலு ஆணி அடித்தால் யாருக்குக் கேட்கப்போகிறது என்று சுத்தியலுக்கு மாமியாரின் பழைய புடவைத் துணியைச் சுற்றினார். மூன்றாவது படிவரை சிக்கலில்லை.

பிறகுதான் பையனைக் காணோம் என்று தெரிந்தது. கீழ்வீட்டுப் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தான். திரும்பி வந்தவன் கையில் ஒரு சாக்லேட். "சாரி சொல்லிட்டேன்பா. இன்னிக்கு ஞாயித்துக்கிழமைன்னு உனக்கு மறந்துபோச்சுன்னு சொன்னேன். இனிமே நீ அடிக்க மாட்டேன்னும் சொல்லிட்டேன்."

ஐந்து படித் திட்டம் மூன்றோடு நின்றது. மச்சம், கூர்மம், வராகம் மூவரும் அவதாரம் எடுத்தார்கள். நரசிம்மர் முதல் கல்கிவரை அட்டைப்பெட்டிக்குள், திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா ஆபீசிலிருந்து வரும்வரை காத்திருந்தார்கள்.