தூசியைத் தட்டாதீர்கள், பிடியுங்கள்!

பட்டறையிலும் கட்டுமான இடத்திலும் தூசியோடு மல்லுக்கட்டும் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஒரு கம்பெனி 18 வோல்ட் என்கிறது, இன்னொன்று 20 வோல்ட் மேக்ஸ் என்கிறது. பேட்டரி வாக்குவத்தில் எது பலசாலி?
– இன்டீரியர் ஒப்பந்ததாரர், கோவை

பதில்: இரண்டும் சம பலம். இரண்டுக்குள்ளும் வரிசையாக இருப்பவை ஐந்து லித்தியம் செல்கள்தான். ஒரு செல்லுக்குச் சராசரியாக 3.6 வோல்ட், ஐந்துக்கும் சேர்த்து 18. முழு சார்ஜ் ஏறிய கையோடு செல்லுக்கு 4 வோல்ட் என்று கணக்குப் போட்டால் 20. ஒருவர் நாள் முழுக்க எப்படி இருப்பார் என்று சொல்கிறார். மற்றவர் காலையில் குளித்துக் கிளம்பியபோது எப்படி இருந்தார் என்று சொல்கிறார்.

பெட்டியைப் பார்ப்பதற்கு முன் உங்கள் டிரில் மிஷினைப் பாருங்கள். அதில் மக்கிடா பேட்டரி இருந்தால் மக்கிடா வாக்குவம், பாஷ் என்றால் பாஷ், டிவால்ட் என்றால் டிவால்ட். வாக்குவம் வாங்கப் போய் இன்னொரு சார்ஜர் குடும்பத்தையும் அழைத்து வராதீர்கள். பிறகு ஆம்பியர் கணக்கு. 18 வோல்ட்டை 5 ஆம்பியர்-அவரால் பெருக்கினால் 90 வாட்-அவர். 300 வாட் இழுக்கும் மோட்டார் அந்த பேட்டரியில் 18 நிமிடம் ஓடும். வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைக் கடையிலேயே போட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் சேண்டரோடு பேட்டரி வாக்குவத்தை மாட்டி நாள் முழுக்கத் தேய்க்க முடியாதா?
– தச்சர், கும்பகோணம்

பதில்: ஒரு கதவின் விளிம்பைத் தேய்க்கலாம், ஒரு வீட்டின் கதவுகளைத் தேய்க்க முடியாது. பட்டறையில் சுவரில் பிளக் இருக்கிறது. பிளக் இருக்கும் இடத்தில் 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும் வயர் வைத்த டஸ்ட் எக்ஸ்ட்ராக்டரே ராஜா. வாங்கும்போது சேண்டரைச் சொருகுவதற்கு அதன் உடம்பிலேயே ஒரு சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். சேண்டர் ஓடினால் அதுவும் ஓடும். சேண்டர் நின்றால், ஹோஸில் மிச்சம் இருப்பதை இழுத்து முடித்துவிட்டுத் தானும் நிற்கும். ஆன் செய்ய மறந்துவிட்டேன் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

பேட்டரி வாக்குவத்தின் ராஜ்ஜியம் வேறு. இன்னும் மின் இணைப்பு வராத புது வீடு, ஏ.சி. மாட்ட ஏணியில் நின்று போடும் துளை, வார்ட்ரோபின் உள் மூலை, வேலை முடிந்து கிளம்பும்போது வாடிக்கையாளர் வீட்டுத் தரை. எக்ஸ்ட்ராக்டர் பிறக்கும் தூசியைப் பிடிப்பதற்கு; பேட்டரி வாக்குவம் விழுந்த தூசியை அள்ளுவதற்கு. ஒன்றை வாங்கி இரண்டு வேலையும் வாங்க நினைத்தால் இரண்டும் பாதியில் நிற்கும்.

கேள்வி: என் தாத்தா 80 வயதுவரை மரத்தூளில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?
– மரப் பட்டறை உரிமையாளர், செங்கோட்டை

பதில்: தாத்தாவுக்கு என் வணக்கம். ஆனால் அவர் கையில் இருந்தது உளியும் இழைப்புளியும் கைரம்பமும். இழைப்புளி சுருள் சுருளாகச் சீவித் தள்ளியது. அந்தச் சுருள் காலடியில் விழுந்து, அடுப்பெரிக்கப் போனது. உங்கள் கையில் இருப்பது நிமிடத்துக்கு 10,000 தடவைக்கு மேல் சுழன்று ஆடும் சேண்டர். அது மரத்தைச் சீவுவதில்லை, மாவாக்குகிறது. அந்த மாவு உடனே கீழே விழாமல் காற்றில் மிதந்து மூக்கைத் தேடி வருகிறது. அவர் தேக்கை இழைத்தார். நீங்கள் பசையும் சேர்த்து அழுத்திய எம்.டி.எஃப் பலகையை அறுக்கிறீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கின் உட்புறமும் அதைச் சுற்றிய எலும்பு அறைகளும்தான் முக்கியமாகப் பாதிக்கப்படும் இடங்கள். தாத்தாவின் தொழிலை எடுத்துக்கொண்டீர்கள், நல்லது. அவருடைய தூசி இப்போது உங்களிடம் இல்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் சும்மா கிடக்கும் வாக்குவம் கிளீனரை டைல்ஸ் வெட்டும் இடத்துக்குக் கொண்டு போகலாமா?
– டைல்ஸ் மேஸ்திரி, மதுரை

பதில்: வேண்டவே வேண்டாம். வீட்டு வாக்குவம் சோபாவில் சிந்திய மிக்சருக்காகச் செய்தது. டைல்ஸ், கிரானைட், கான்கிரீட், செங்கல் எதை வெட்டினாலும் வருவது சிலிக்கா. அதில் ஆபத்தான துகள் 10 மைக்ரானுக்கும் கீழே. நம் தலைமுடியின் பருமனே சுமார் 70 மைக்ரான். அந்தத் துகள் சாதாரண ஃபில்டரின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். குப்பை டப்பாவுக்குள், நோய் அறைக்குள் என்று வாக்குவமே பிரித்துக் கொடுத்துவிடும். கண்ணுக்குத் தரை பளிச்சென்று தெரியும். அதனால் முகக்கவசத்தையும் கழற்றிவிடுவீர்கள்.

உள்ளே போன சிலிக்கா நுரையீரலில் தழும்பு போடுகிறது. சிலிக்கோசிஸ் என்ற அந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. காசநோய் வரும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. நம் நாட்டுச் சட்டம், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் சிலிக்கோசிஸையும் வைத்திருக்கிறது. அமெரிக்கா 2016-ல் கொண்டுவந்த விதி, எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றுக்குச் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் சிலிக்கா இருக்கக் கூடாது என்கிறது. ஒரு நாள் வேலையில் ஓர் ஆள் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுப்பார் என்று வைத்தால், எல்லை அரை மில்லிகிராம். கிரானைட்டில் 45% வரை சிலிக்கா இருக்கலாம். சமையல் மேடைக்குப் போடும் செயற்கை குவார்ட்ஸ் கல்லில் 90 சதவீதத்தையும் தாண்டும். அதை வெட்டிய இளைஞர்களின் நுரையீரலைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தது.

முடிந்த இடத்தில் தண்ணீர் ஊற்றி வெட்டுங்கள். முடியாத இடத்தில் பிளேடைச் சுற்றி மூடி போட்ட மிஷின், அதோடு சரியான எக்ஸ்ட்ராக்டர், முகத்தில் என்95. மூன்றும் வேண்டும்.

கேள்வி: சரியான எக்ஸ்ட்ராக்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல், எம், ஹெச் என்று ஏதோ எழுதியிருக்கிறது.
– கட்டடப் பொறியாளர், திருச்சி

பதில்: மொத்தப் பெட்டியிலும் முதலில் படிக்க வேண்டிய எழுத்து அதுதான். ஐரோப்பியத் தர வரிசை அது. எல் வகை 100-ல் 1 பங்கு தூசிவரை வெளியே விடலாம். எம் வகை 1,000-ல் 1 பங்கு. ஹெச் வகை 1,00,000-ல் 5 பங்கு. டைல்ஸ், கான்கிரீட், எம்.டி.எஃப் வேலைக்கு எம் வகைக்குக் கீழே இறங்காதீர்கள். எம் வகையில் இன்னொரு நல்ல குணம்: ஹோஸுக்குள் காற்றின் வேகம் நொடிக்கு 20 மீட்டருக்குக் கீழே போனால் அலறும். ஃபில்டர் அடைத்துவிட்டதை மிஷினே சொல்லிவிடுகிறது.

ஹெச் வகை, ஆஸ்பெஸ்டாஸ் போன்ற கொடிய தூசிக்கு. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் உலர்வாகத் துளை போடுவதையே விட்டுவிடுங்கள். வாக்குவம் வாங்கித் தீர்க்கும் சங்கதி அல்ல அது.

அமெரிக்கக் கம்பெனிகள் எழுத்துக்குப் பதில் ஹெப்பா என்பார்கள். 0.3 மைக்ரான் துகளில் 99.97% பிடித்தால்தான் அது ஹெப்பா. 'ஹெப்பா வகை', 'ஹெப்பா போன்றது' என்று எழுதியிருந்தால் எண்ணைக் கேளுங்கள். எண் வரவில்லையென்றால் நீங்கள் வந்துவிடுங்கள்.

கேள்வி: எங்களிடம் நல்ல ப்ளோயர் இருக்கிறது. ஐந்தே நிமிடத்தில் பட்டறை சுத்தம். எதற்கு வாக்குவம்?
– ஃபர்னிச்சர் பட்டறை மேலாளர், ஈரோடு

பதில்: 1901-ல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் உங்களுக்குப் பதில் கண்டுபிடித்துவிட்டார். காற்றடித்துத் தூசியைக் கிளப்பும் ஒரு மிஷினின் செய்முறை விளக்கத்தைப் பார்த்தார். கிளம்பிய தூசியில் பெரும்பங்கு பழைய இடத்துக்கே திரும்பியது. ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று தோன்றியது. ஓர் உணவகத்தில் நாற்காலி மெத்தைமேல் கைக்குட்டையை விரித்து வாயாலேயே உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் அடிப்பக்கம் கறுத்தது. பிறகு அவர் செய்த மிஷின் குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும். குழாய்கள் மட்டும் ஜன்னல் வழியே வீட்டுக்குள் போகும். வாக்குவம் கிளீனர் பிறந்ததே ப்ளோயருக்கு மறுப்பாகத்தான்.

உங்கள் ஐந்து நிமிடத்தில் சுத்தமானது தரை. தூசி போன இடம் காற்று.

கேள்வி: ஒரு பெட்டியில் '21 கிலோ பாஸ்கல்' என்றும், இன்னொன்றில் '130 சி.எஃப்.எம்' என்றும் போட்டிருக்கிறது. எதை நம்புவது?
– எந்திரக் கடை ஊழியர், சென்னை

பதில்: இரண்டையும் கேளுங்கள். கிலோ பாஸ்கல் என்பது இழுக்கும் பிடி. சி.எஃப்.எம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று நகர்கிறது என்ற அளவு. மெல்லிய நீள ஹோஸுக்கும் ஈரக் குப்பைக்கும் பிடி வேண்டும். கிரைண்டரைச் சுற்றிய மூடிக்கும் பிளேனர் சீவலுக்கும் காற்று வேண்டும். அமெரிக்க விதி, சுவர் அரைக்கும் கிரைண்டருக்கு டிஸ்கின் ஓர் அங்குலத்துக்கு 25 சி.எஃப்.எம் கேட்கிறது. 4 அங்குல டிஸ்குக்கு 100. 5 அங்குலத்துக்கு 125. கையடக்க பேட்டரி வாக்குவம் அந்தப் பக்கமே வராது. பெட்டியில் உள்ள எண் பெரும்பாலும் ஹோஸ் மாட்டாமல், புது ஃபில்டரோடு அளந்தது என்பதையும் வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். சொல்கிற கடைக்கு அவர் திரும்பி வருவார்.

கேள்வி: ஃபில்டர் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்கிறது. சுவரில் தட்டினால் சரியாகிறது. வேறு வழி உண்டா?
– பெயிண்டிங் ஒப்பந்ததாரர், சேலம்

பதில்: சுவரில் தட்டினால் ஃபில்டர் சரியாகும், நீங்கள் கெடுவீர்கள். காற்றடித்தால் ஃபில்டரும் சேர்ந்து கிழியும். பட்டி வைத்த சுவரை உப்புத்தாளால் தேய்க்கும்போது வரும் மாவு, ஃபில்டருக்குப் பரம எதிரி. மூன்று வழி சொல்கிறேன். உள்ளே துணிப்பை போடுங்கள். காகிதப் பையைவிட கிழியாமல் தாங்கும், அப்படியே கட்டி எறியலாம். தன்னைத் தானே உதறிச் சுத்தம் செய்துகொள்ளும் ஃபில்டர் உள்ள எக்ஸ்ட்ராக்டரை வாங்குங்கள். நடுவில் ஒரு சைக்ளோன் வாளி வையுங்கள்: காற்று சுழன்று போகும்போது கனமான தூசி வாளியிலேயே விழுந்துவிடும், ஃபில்டருக்கு மிச்சம்தான் போகும். ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்து பார்த்து வீட்டு வாக்குவத்துக்குள் கொண்டுவந்த தத்துவம் இதுதான். அவர் அதை எடுத்தது ஒரு மர அறுவை ஆலையிலிருந்து. நம் தொழிலின் சொத்து, நாம் திரும்ப எடுத்துக்கொள்வோம்.

கேள்வி: ஒரே வாக்குவத்தில் மரத்தூள், கிரைண்டர் பொறி, சிந்திய தண்ணீர் எல்லாம் இழுக்கலாமா?
– ஃபேப்ரிகேஷன் பட்டறை, ஓசூர்

பதில்: மரத்தூள் நிறைந்த பைக்குள் தீப்பொறியை அனுப்பினால், வாக்குவம் அடுப்பாகும். இரும்பு வேலைக்குத் தனி மிஷின். தண்ணீர் இழுக்கும் முன் பையைக் கழற்றி, ஈரத்துக்கான ஃபில்டரைப் போடுங்கள். சிமென்ட் தூசி இருக்கும் ஃபில்டரில் தண்ணீர் பட்டால் அடுத்த நாள் உங்களிடம் இருப்பது கான்கிரீட் ஃபில்டர்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் பேட்டரி வாக்குவம் வாங்கி வருவதாகச் சொல்கிறார். சரி சொல்லட்டுமா?
– தச்சுத் தொழிலாளி, நாகர்கோவில்

பதில்: சார்ஜரின் அடியில் எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் சரி. 120 என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் அதன் ஆயுள் ஒரு நொடி. உதிரி பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-அவர்வரை தடையில்லை, அதற்கு மேல் 160வரை விமானக் கம்பெனியின் அனுமதி தேவை. 18 வோல்ட் 5 ஆம்பியர்-அவர் பேட்டரி 90-ல் தப்பிக்கும். 6 ஆம்பியர்-அவர் 108-ல் மாட்டும். மாற்று ஃபில்டர் இங்கே கிடைக்குமா என்பதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: நல்ல எக்ஸ்ட்ராக்டர் வாங்கிக் கொடுத்தும் ஆட்கள் தொடுவதில்லை. 'கடைசியில் சித்தாள் கூட்டிவிடுவாங்க சார்' என்கிறார்கள். என்ன செய்ய?
– கட்டட ஒப்பந்ததாரர், தாம்பரம்

பதில்: அந்த ஒரு வாக்கியத்தில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. தூசியை உண்டாக்குபவர் மிஷின் பிடிக்கிற மேஸ்திரி. வெட்டி முடித்ததும் அவர் டீ குடிக்கப் போய்விடுகிறார். அடங்கிக் கிடந்த சிலிக்காவைத் துடைப்பத்தால் கிளப்பி, குனிந்து, நெருக்கத்தில் சுவாசிப்பவர் சித்தாள். இடத்திலேயே குறைந்த கூலியும் அவருக்குத்தான், முகத்தில் முந்தானையைத் தவிர வேறு காப்பு இல்லாதவரும் அவர்தான். அமெரிக்க விதி இந்த வேலையில் உலர் துடைப்பத்தையே தடுக்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் விலக்கு.

ஆகவே சில காரியங்கள் செய்யுங்கள். எக்ஸ்ட்ராக்டரை மாட்டாத கட்டிங் மிஷின் உங்கள் இடத்தில் ஓடக் கூடாது. வெட்டுபவரே அவர் இடத்தைச் சுத்தம் செய்து ஒப்படைக்க வேண்டும். மற்ற இடங்களுக்குப் பேட்டரி வாக்குவத்தைச் சித்தாள் கையில் கொடுத்து, பழக்கி, அந்தத் திறமைக்குக் கூலியும் கூட்டிக் கொடுங்கள். செலவுக்கு அடுத்த கொட்டேஷனில் ஒரு வரி சேருங்கள்: 'தூசி அகற்றும் ஏற்பாடு, இவ்வளவு ரூபாய்.' வீட்டுக்காரர் ஏன் என்று கேட்பார். சொல்லுங்கள். அவர் வீட்டுக் குழந்தைகளும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கப் போகிறார்கள். பெரும்பாலானவர்கள் பேரம் பேசாமல் கொடுப்பார்கள்.