அணி பிடிப்பவர்

எழுமலை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் அவர் உட்கார்ந்திருந்தால், வாயைத் திறக்குமுன் யோசிக்க வேண்டும். ஓய்வுபெற்ற தமிழய்யா. படியில் ஆள் தொங்கும்போதே, “உள்ள காலியாத்தான கெடக்கு, போங்கப்பா” என்று கண்டக்டர் கத்துவார்.

“உயர்வு நவிற்சி” என்பார் ஐயா, டம்ளரிலிருந்து வாயை எடுக்காமலே.

“ஐயா மாதிரி கணக்கு வழக்குல சுத்தமான ஆளு உண்டா? போன மாசப் பாக்கி அப்படியே பத்திரமா இருக்கு” என்று கடைக்காரர் இழுப்பார். “வஞ்சப்புகழ்ச்சி! அருமை!” என்று தோளில் தட்டிவிட்டு ஐயா கிளம்பிவிடுவார். பாக்கி பாக்கியாகவே இருக்கும்.

அணி என்று பார்த்தால், தொல்காப்பியர் உவமையோடு நிறுத்திக்கொண்டார். வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவி வந்த தண்டியலங்காரம் பொருளணிகளை 35 ஆக்கியது. மாறனலங்காரம் 64-க்குக் கொண்டுபோனது. ஐயாவுக்கு அதுவும் காணாது. கல்யாணப் பத்திரிகையிலும் நோட்டீசிலும் தேடுவார்.

மனுசர் நல்லவர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் காசு வாங்காமல் பாடம் எடுக்கிறார், மார்க்கும் வருகிறது. வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் வரும்போது, மதுரைக் கோட்டை மதிலில் கொடிகள் ‘வராதீர்கள்’ என்று கைகாட்டுவதுபோல் அசைகின்றன. காற்றில் ஆடும் துணியில் இளங்கோ தன் பதைப்பை ஏற்றிவைத்த இடம். நம்ம மதுரை, உள்ளே போனவனுக்கு என்ன ஆனதென்று பிள்ளைகளுக்கும் தெரியும். கொஞ்சம் நின்றால் உடம்பு சிலிர்க்கும். ஐயா நிற்பதில்லை. “தற்குறிப்பேற்ற அணி. எழுதிக்கோ. அடுத்தது.”

பிள்ளைகளும் எழுதிக்கொள்கிறார்கள். ‘இலக்கிய நயம் பாராட்டுக’ என்று கேட்டால் மோனை, எதுகை, இயைபு, அணி என்று வரிசையாகத் துணைத்தலைப்புப் போட்டு, அடியில் கோடிழுத்து, எந்தப் பாட்டுக்கும் பொருந்துகிற பாராட்டை இறக்கிவிடுகிறார்கள். பாட்டைப் பார்க்குமுன்பே பாராட்டு தயார். இதற்குப் பெயர் நயம் பாராட்டல் இல்லை, மொய் எழுதுவது.

போன ஆடியில், மானாவாரி நிலத்துக்காரர் ஒருவர் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மேகம் அங்கிட்டே பெஞ்சு தீத்துட்டு, நம்ம மூஞ்சியில முழிக்க வெக்கப்பட்டு நிக்குதுங்கய்யா.” மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற ஊரின் மொத்தப் பாடும் அந்த ஒரு வரியில் இருந்தது.

ஐயா துள்ளினார். “தற்குறிப்பேற்றம்!”

விதைக்கலாமா, பொறுக்கலாமா என்று கேட்க வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவரிடம் மாட்டினால் உவமை, உருவகம் எதுவும் கலக்காமல், ‘மழை இல்லை’ என்று மொட்டையாகச் சொல்லிப் பாருங்கள். தப்பிக்க முடியாது. உள்ளதை உள்ளபடி சொல்வதற்கும் தன்மை நவிற்சி அணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.