ஹீற்றர் ஹோஸ்: பரபக்கமும் சுபக்கமும்

யாழ்ப்பாணத்து உடுவிலில் இன்றும் ஓடுகிற மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிஜ் வகையறாக்கள் சிலவற்றின் பொனற்றைத் திறந்தால், பெருவிரல் மொத்தத்தில் இரண்டு கறுத்த குழாய்கள் எஞ்சினுக்குப் பின்னால் தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவதைக் காணலாம். அவையே ஹீற்றர் ஹோஸ். காருக்குள் இருப்பவருக்குக் குளிராதபடி எஞ்சினின் சுடுநீரை உள்ளே கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவது அவற்றின் தொழில். மார்கழி விடியலிற்கூட வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்க யோசிக்கும் ஊரில் இத்தொழில் யாருக்காக நடக்கிறது? அமெரிக்க மிஷனரிமார் 1824இலேயே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை திறந்த ஊரில் இவ்வளவு காலமும் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நாம் கேட்கிறோம்.

முதலில் பொருளின் இலக்கணம். 1948இல் இலண்டனில் அறிமுகமான மைனருக்கு ஹீற்றர் என்பது கேட்பவர்க்கு மேலதிகக் காசுக்குப் பூட்டிக் கொடுத்த பொருள். ஆகவே எல்லா மைனரிலும் இது இராது. உள்ளவற்றில், சிலிண்டர் ஹெட்டின் பின்மூலையில் ஒரு திருகு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு ஹோஸ் ஹீற்றருக்குப் போகும். திரும்பிவரும் நீர் றேடியேற்றரின் அடி ஹோஸோடு போய்ச் சேரும். உள்விட்டம் அரை அங்குலம்.

பிறர் மதத்தை மறுத்துத்தான் தன் மதத்தை நிறுவவேண்டும் என்பது சித்தாந்த மரபு. ஆதலால் பரபக்கம் முந்தும்.

அடைப்புவாதிகள், வால்வை மூடிவிட்டு ஹோஸைக் கழற்றி எறி என்பார்கள். அறுபது வருட வால்வு மூடினாலும் கசியும் என்பதையும், திரும்பும் வாயை அடைக்காவிட்டால் தண்ணீர் முழுதும் றோட்டில்தான் என்பதையும் இவர்கள் ஆராய்ந்திலர். வளையவாதிகள் ஹீற்றரை விலக்கி, போகும் வாயையும் வரும் வாயையும் ஒரே துண்டு ஹோஸால் வளைத்துத் தொடுப்பவர்கள். வால்வு திறந்திருந்தால், ஹெட்டின் சுடுநீர் றேடியேற்றரை எட்டியும் பாராமல் எஞ்சினுக்கே திரும்பிவிடும். பங்குனி வெயிலில் இது தகாது. மூன்றாமவர் இருப்புவாதிகள். இவர்கள் வாதம் கராஜ் வாசல்களில் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“மாஸ்ரர், உந்தக் குழாயாலை உங்களுக்கு என்ன பிரியோசனம்? கழட்டி எறிவம்.”

“கை வையாதை தம்பி. லண்டன்காரன் சும்மா பூட்டியிருப்பானே?”

இம்மதம் பக்தியால் உயர்ந்தது, வேதியியலால் தாழ்ந்தது. றப்பர் வேலை செய்தாலும் மூப்படையும், சும்மா இருந்தாலும் மூப்படையும்.

றப்பர் பற்றி ஒரு கிளைக்கதை. 1876இல் பிறேசில் விதையிலிருந்து முளைத்த நாற்றுகள் இலண்டன் கியூ தோட்டம் வழியாக இலங்கையின் ஹெனரத்கொடவுக்கு வந்து வேரூன்றின. றப்பர் விளையும் நாடாகியும், 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் வரவில்லை, வாகன உதிரிப்பாகமும் வரவில்லை. கார்பரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உலகம் வியந்த இந்த வித்தைக்கு எஞ்சின் உடன்பட்டது, ஹோஸ் உடன்படவில்லை. மண்ணெண்ணெய் பட்டுக்கொண்டிருக்கும் இயற்கை றப்பர் ஊதிப் பருத்து, நொய்ந்து, கடைசியில் கிழியும். கிழிந்த இடத்தில் சைக்கிள் ரியூப்பைக் கீலங்கீலமாக வெட்டி இறுக்கிச் சுற்றுவதே அன்றைய அறுவைச் சிகிச்சை. அதே 1990களில் நாட்டின் தெற்கிலே ஒரு தொழிற்சாலை மொறிஸ் மைனருக்கான உடற்தகடுகளை அடித்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. உடுவில் மைனருக்கு அரை அங்குலக் குழாய் இல்லை. இங்கிலாந்து மைனருக்கு இலங்கைத் தகடு உண்டு. இதற்கு விளக்கம் தேடுவது பொனற்றைத் திறப்பவர் வேலையன்று.

இனிச் சுபக்கம். ஹோஸ் இருக்கவேண்டும், இருப்பது புதிதாகவும் இருக்கவேண்டும்.

பரிசோதனை எஞ்சின் ஆறிய பிறகே. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஹோஸை அமுக்கிப் பார்க்க. அமுங்கி, விட்டதும் மீண்டால் நலம். கல்லாயிருந்தாலும், அமுக்கும்போது உள்ளே நறநறத்தாலும் ஆயுள் முடிந்தது. சொதசொதத்தால் எண்ணெய் குடித்திருக்கிறது. கிளிப்புக்குப் பக்கத்தில் வளைத்துப் பார்த்தால்தான் முடிவெடிப்புகள் வாய் திறக்கும். நடுப்பகுதி பார்வைக்கு எப்போதும் யோக்கியமானது.

கழற்றும்போது முறுக்கி இழுப்பது பெரும்பாவம். ஹீற்றரின் செப்புக் குழல் மெலிந்தது. இழுக்கிற கையோடு வந்துவிடும். பழைய ஹோஸைப் பிளேட்டால் நீளவாக்கில் கீறினால் தோலுரிந்ததுபோல் தானே விடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாயை மாட்டுவது இவ்வூரின் தொன்றுதொட்ட சிக்கனம். எஞ்சின் சூட்டில் அது இளகி, கிளிப்பிலிருந்து மரியாதையாக விலகிக்கொள்ளும். கடையில் ஹீற்றர் ஹோஸ் என்றே கேட்டு வாங்குக.

நிரப்புவதற்குக் கிணற்றுத்தண்ணீரை நாடற்க. சுண்ணக்கல்லில் ஊறிய தண்ணீர் அது. கேத்திலின் அடியில் வெள்ளைப்படை கட்டுவது உள்ளூரார் அனைவருக்கும் தெரியும். அதே படை ஹீற்றருக்குள்ளும் கட்டும். கூலன்ற் உத்தமம், மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் மத்திமம். வால்வைத் திறந்தபடி நிரப்பினால்தான் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும்.

இவ்வளவும் எதற்கு என்பார்க்கு விடை காங்கேசன்துறை வீதியில் உண்டு. ஊர்வலத்தில் உருளும் கலியாணக் காரில், மருதனார்மடத்துச் சந்தியில் சூட்டுமானியின் முள் ஏறத் தொடங்கும். அவ்வேளை வால்வு திறந்திருக்க, ஹீற்றரின் விசிறியைப் போட்டால், ஹீற்றர் இன்னொரு சிறு றேடியேற்றராகி எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை வாங்கிக் காருக்குள் கொட்டும். முள் இறங்கும். பட்டுவேட்டியும் தலைப்பாகையுமாகப் பின்சீற்றில் இருக்கும் மாப்பிள்ளையிடம் முன்கூட்டி அனுமதி பெறவேண்டுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.