நான்கு வார அனுபவம்

ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் பயிற்சி கட்டாயம் என்கிறது இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதி. ஒரே மூச்சில் நான்கு வாரத்தைத் தாண்டக் கூடாது.

அந்த நான்கு வாரம் திண்டிவனம் கோர்ட்டில் சீனியர் பின்னால் கேஸ் கட்டைச் சுமந்த மரக்காணத்துப் பிள்ளை, சென்னை லா ஃபர்முக்கு அனுப்பும் பயோடேட்டாவில் ‘ஆவண மேலாண்மை’ என்று எழுதுகிறது. வாய்தா தேதியைக் குறித்தது ‘வழக்கு உத்தி வகுத்தல்’. ஜெராக்ஸ் எடுத்தது ‘சட்ட ஆய்வு’. டீ வாங்கி வந்ததற்குத்தான் இன்னும் பெயர் சிக்கவில்லை. ‘கட்சிக்காரர் நல்லுறவு’ என்று போடலாம், என் சிபாரிசு.

அதே பிள்ளை கோடை லீவில் உப்பளத்தில் இறங்கி உப்பு வாரியிருக்கும். கூலியில் குறைத்ததை மேஸ்திரியிடம் கணக்குக் காட்டி வாங்கியிருக்கும். மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளருக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்துக்கு, தெருவுக்கே மனு எழுதிக் கொடுத்திருக்கும். தகராறு, கட்சிக்காரர், மனு, தீர்வு எல்லாம் உண்டு. பயோடேட்டாவில் மட்டும் ஒரு வரி கிடையாது. கௌரவக் குறைச்சலாம்!

தம்பி, தங்கச்சி, அதை முதல் வரியாகப் போடுங்கள். ஜெராக்ஸ் கடைசியில் இருக்கட்டும்.